மூன்று தீவுகளின் சாட்சியம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அடுப்பிலிருக்கும் பானை முழுவதையும் கொட்டிப் பார்க்காமல், அகப்பையால் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பதமறியும் இல்லாளின் செயலிலே, புள்ளிவிபரவியல் என்னும் சாத்திரத்தின் அடிப்படைத் தத்துவம் அடங்கியிருக்கின்றது. சிறு பகுதியைக் கண்டு முழுமையை அறிதலே அத்தத்துவம். ஆயினும் இப்பழமொழியினுள்ளே சொல்லப்படாத நிபந்தனையொன்று உண்டு. பானை ஒன்றாயிருத்தல் வேண்டும். அதனடியில் எரியும் நெருப்பும் சீராயிருத்தல் வேண்டும். பானைகள் மூன்றாகி, அடுப்புகளும் மூன்றாகி, ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்த சோறு வெவ்வேறு பதத்தைக் காட்டுமாயின், எதனை நம்புவது?

இத்தகைய சங்கடமொன்று 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மருத்துவ விஞ்ஞானிகள் முன் எழுந்தது. கருவுற்ற தாயொருத்தி உண்ணும் மீனிற் சிறிதளவு பாதரசம் இருக்குமாயின், அது அவள் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்பது கேள்வி. மூன்று தீவு நாடுகளில் ஆண்டுக்கணக்காக ஆராய்ச்சி நடத்தப்பட்டது. ஒரு தீவு ஆம் என்றது. மற்றொன்று இல்லை என்றது. மூன்றாவது தீவின் விடையோ ஒரேயொரு குழந்தையைக் கணக்கிற் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து மாறிற்று. இம்மூன்று சாட்சியங்களையும் ஒன்றுசேர்த்து ஒரு தீர்ப்புக் காண்பதற்குக் கையாளப்பட்ட முறை, மீனுண்ணும் மக்கள் யாவருக்கும் பயன்படும் பாடமாகும்.

பாதரசம் திரவநிலையில் விளங்கும் உலோகம். நிலக்கரியை எரிக்கும்போதும், பொன்னகழ்வோர் மணலிலிருந்து பொன்னைப் பிரித்தெடுக்க அதனைப் பயன்படுத்தும்போதும், எரிமலைகள் பொங்கும்போதும் அது ஆவியாகிக் காற்றிற் கலந்து, மழையோடு இறங்கி, ஆறுகளையும் கடலையும் அடைகின்றது. நீரினடியிலுள்ள சேற்றில் வாழும் சிலவகைப் பற்றீரியாக்கள் அதனை மீதைல் பாதரசம் என்னும் சேர்வையாக மாற்றிவிடுகின்றன. இச்சேர்வையே கொடியது. நுண்ணிய நீர்வாழ் உயிர்கள் இதனை உட்கொள்ள, அவற்றைச் சிறுமீன் உண்ண, சிறுமீனைப் பெருமீன் உண்ண, ஒவ்வொரு படியிலும் நஞ்சின் செறிவு கூடிக்கொண்டே செல்லும். நீரிலுள்ள செறிவோடு ஒப்பிடுகையில், பெருமீனின் தசையிலுள்ள செறிவு பத்து இலட்சம் மடங்கினும் மிகுதியாதல் உண்டு. தசையிலுள்ள புரதத்தோடு அது பிணைந்திருப்பதாற் கழுவினாலும் பொரித்தாலும் குழம்பாக்கினாலும் நீங்குவதில்லை.

பெருமளவில் உடலுட் புகுந்தால் இந்நஞ்சு என்ன செய்யும் என்பதில் ஐயமில்லை. யப்பானிலுள்ள மினமாட்டா என்னும் கடற்கரையூரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை தன் கழிவை விரிகுடாவில் விட்டுவந்தது. அவ்விரிகுடாவின் மீனை உண்டவர்களிடம் கைகால் நடுக்கமும், பார்வை சுருங்குதலும், பேச்சுக் குழறுதலும் தோன்றின. 1956ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நோய் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அதன் காரணத்தை யப்பானிய அரசாங்கம் முறைப்படி ஏற்றுக்கொண்டது 1968ஆம் ஆண்டிலேயாம். அங்கு வெளிப்பட்ட மிகக் கொடிய உண்மை யாதெனில், நோய்க்குறி சிறிதளவே தோன்றிய தாய்மாரும் மூளை பெரிதும் கெட்ட குழந்தைகளைப் பெற்றனர் என்பதே. கருவைக் காக்கும் நச்சுக்கொடி இந்த நஞ்சைத் தடுக்கவில்லை.

1971ஆம் ஆண்டின் இறுதியிலும் 1972ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஈராக்கில் இதனிலும் பெரிய அவலம் நிகழ்ந்தது. பூஞ்சணம் பிடியாதிருக்கும்பொருட்டு மீதைல் பாதரசம் பூசப்பட்ட விதைத் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. விதைப்பதற்கென வந்த அத்தானியத்தைக் கிராமத்து மக்கள் மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு இறந்தோர் 459 பேர்.

இவை பெருநஞ்சின் கதைகள். ஆனால் உலகின் பெரும்பாலான மக்கள் எதிர்நோக்குவது சிறுநஞ்சையே. தொழிற்சாலைக் கழிவில்லாத திறந்த கடலிற் பிடித்த மீனிலும் பாதரசம் ஓரளவு உண்டு. அதனை வாரத்திற் பலமுறை உண்ணும் தாயின் குழந்தை குருடாகப் பிறப்பதில்லை, முடமாகவும் பிறப்பதில்லை. பாதிப்பு ஏதும் இருப்பின், ஏழாம் வயதில் ஒரு சொல்லை நினைவுகூரச் சற்றுத் தாமதித்தல், கவனம் சற்றுத் தளர்தல் போன்ற நுட்பமான வடிவிலேயே தோன்றும். ஒரு குழந்தையை மாத்திரம் பார்த்து இதனைக் கண்டுபிடித்தல் இயலாது. நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து சோதித்தாலன்றி உண்மை வெளிப்படாது.

அவ்வாறு சோதித்த மூன்று ஆராய்ச்சிகளும் ஒரு பொதுவான அளவுகோலைக் கொண்டிருந்தன. அதுவே தாயின் தலைமயிர். உடலிற் சேரும் மீதைல் பாதரசத்தின் ஒரு பகுதி மயிரினுள்ளே படிந்துவிடும். மயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், பிள்ளைப்பேற்றின்போது வெட்டியெடுத்த நீண்ட மயிர் கர்ப்பகாலம் முழுவதையும் குறித்துவைத்த நாட்குறிப்புப் போலப் பயன்படுகின்றது. எந்த மாதத்தில் நஞ்சு மிகுந்தது, எந்த மாதத்திற் குறைந்தது என்பதையும் அதிலிருந்து அறியலாம். மயிரில் பத்து இலட்சம் பங்குக்கு இத்தனை பங்கு பாதரசம் என்று கணக்கிடுவது வழக்கம்.

முதலாவது ஆராய்ச்சி நியூசிலாந்தில் 1978ஆம் ஆண்டிற் பிள்ளை பெற்ற ஏறத்தாழ 11,000 தாய்மாரிலிருந்து தொடங்கிற்று. அவர்களுள் மீனை மிகுதியாக உண்டவர்களின் மயிர் சோதிக்கப்பட்டு, 73 பேரிடம் பாதரசம் 6 பங்குக்கு மேல் இருக்கக் காணப்பட்டது. அத்தகைய தாய்மாரின் குழந்தைகளும், ஒப்பிடுவதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட குழந்தைகளுமாக 237 பேர் ஆறு வயதளவிற் சோதிக்கப்பட்டனர். இக்கூட்டத்தில் ஒரு தாயின் மயிரில் மாத்திரம் பாதரசம் 86 பங்கு இருந்தது. அவளுக்கு அடுத்த தாயின் அளவு அதில் நான்கிலொன்றும் இல்லை. அந்த ஒரு குழந்தையைச் சேர்த்துக் கணக்கிட்டபோது பாதரசத்திற்கும் சோதனைப் புள்ளிகளுக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. அக்குழந்தையை நீக்கிக் கணக்கிட்டபோதோ பல சோதனைகளில் தொடர்பு வெளிப்பட்டது.

இரண்டாவது ஆராய்ச்சி வட அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பாரோ தீவுகளில் நடைபெற்றது. அங்குள்ள மக்கள் மீனோடு திமிங்கில இனத்தைச் சேர்ந்த ஒருவகைக் கடல்விலங்கின் ஊனையும் உண்பவர்கள். பாதரசத்தின் பெரும்பகுதி அவ்வூனிலிருந்தே அவர்களை அடைகின்றது. 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் 1987ஆம் ஆண்டு இறுதிவரை பிறந்த 1,022 குழந்தைகள் ஆராய்ச்சியிற் சேர்க்கப்பட்டனர். ஏழு வயதில் அவர்களுள் 917 பேர் சோதிக்கப்பட்டனர். தாயின் மயிரோடு தொப்புட்கொடி இரத்தமும் ஆராயப்பட்டது. மொழித்திறன், கவனம், நினைவாற்றல் ஆகியவற்றிற் பாதரசம் மிகுந்தோரின் பிள்ளைகள் பின்தங்கியிருந்தனர் என்று 1997ஆம் ஆண்டு வெளியான அறிக்கை கூறிற்று.

மூன்றாவது ஆராய்ச்சி இந்து சமுத்திரத்திலுள்ள சீஷெல்ஸ் தீவுகளுக்குரியது. அங்கு தாய்மார் வாரத்திற்குப் பன்னிரண்டு வேளையளவில் மீனுண்பர். 1989, 1990ஆம் ஆண்டுகளில் 779 தாய்மாரும் பிள்ளைகளும் ஆராய்ச்சியிற் சேர்ந்தனர். தாய்மாரின் மயிரிற் பாதரசத்தின் சராசரி 6.8 பங்கு, அஃதாவது பாரோவினும் அதிகம். அப்படியிருந்தும், ஐந்தரை வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர் பாதரசத்தாற் கேடு விளைந்ததற்குச் சான்றில்லை என்றே முடிவு கூறினர்.

இம்முரண்பாட்டின் விளைவு ஏட்டோடு நிற்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில், சூழலைக் காக்கும் அரசாங்கப் பகுதியொன்று ஈராக்கின் விபரங்களைக் கொண்டு, ஒருவர் தம் உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்கிரோகிராம் மீதைல் பாதரசம் வரை உட்கொள்ளலாம் என 1995ஆம் ஆண்டில் வரையறுத்திருந்தது. அதே நாட்டின் நச்சுப் பொருள்களை ஆராயும் மற்றொரு பகுதி, 1999ஆம் ஆண்டிற் சீஷெல்ஸ் ஆராய்ச்சியைக் கொண்டு அந்த எல்லையை 0.3 மைக்கிரோகிராம் என்றது. ஒரே அரசாங்கத்தின் இரு கைகள் மும்மடங்கு வேறுபட்ட இரு அளவுகளை நீட்டின. ஒரு கர்ப்பிணி வாரத்திற்கு எத்தனை முறை மீனுண்ணலாம் என்பது இவற்றுள் எதனை ஏற்பது என்பதிலேயே தங்கியிருந்தது.

இத்தகைய வேளையிற் பலருக்கும் முதலில் தோன்றும் வழி வாக்கெடுப்பு. ஆம் என்றவை எத்தனை, இல்லை என்றவை எத்தனை என்று எண்ணிப் பெரும்பான்மைக்குத் தீர்ப்பளிப்பது நியாயமெனத் தோன்றும். ஆனால் ஆராய்ச்சிகளை எண்ணி முடிவு காணுதல் பெரும் பிழைக்கு இடமளிக்கும். கற்பனையான உதாரணமொன்றைப் பார்க்கலாம். மூன்று ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. ஒவ்வொன்றும் நஞ்சினாற் குழந்தைகளின் சோதனைப் புள்ளி சராசரியாக ஒன்றரை குறைந்ததெனக் காண்கின்றது. ஒவ்வொன்றிலும் தற்செயலாக நேரக்கூடிய நியம வழு ஒரு புள்ளி. கண்ட விளைவு நியம வழுவின் ஏறத்தாழ இருமடங்காயிருந்தாலன்றி அதனைத் தற்செயல் அன்று என்று கூறுவதில்லை என்பது புள்ளிவிபரவியலார் வழக்கம். ஒன்றரை இரண்டை எட்டாமையால், மூன்று ஆராய்ச்சிகளும் சான்றில்லை என்றே அறிக்கை விடும். வாக்கெடுத்தால் மூன்றுக்குச் சூனியம். ஆனால் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் நியம வழு 0.6 புள்ளியளவிற்குச் சுருங்கிவிடும். இப்போது அதே ஒன்றரைப் புள்ளி, நியம வழுவின் இரண்டரை மடங்கினும் மிகுந்து, மறுக்கமுடியாத சான்றாகின்றது. மூன்று இல்லைகள் சேர்ந்து ஓர் ஆம் ஆகின்றன!

இதில் மாயம் எதுவுமில்லை. சான்று காணப்படவில்லை என்பது வேறு. தீங்கில்லை என்பதற்குச் சான்று காணப்பட்டது என்பது வேறு. மங்கிய விளக்குடன் அறையினுட் சென்றவன் பாம்பைக் காணவில்லை என்பதால் அறையிற் பாம்பில்லை என்றாகிவிடாது. பல விளக்குகளை ஒன்றுசேர்த்து ஒளியைப் பெருக்குவதே ஆராய்ச்சிகளைத் தொகுக்கும் முறையின் நோக்கம்.

இம்முறைக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1904ஆம் ஆண்டில் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலார், இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலுமிருந்த பிரித்தானியப் படையினருக்கு நெருப்புக்காய்ச்சலைத் தடுக்க ஏற்றிய ஊசியின் பயனை அறிய, வெவ்வேறிடங்களிற் கிடைத்த விபரங்களைச் சேர்த்து ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்தின் விவசாய ஆராய்ச்சியாளர் பல வயல்களிற் செய்த பரிசோதனைகளைத் தொகுக்க முற்பட்டனர். றொனால்ட் பிஷர் 1932ஆம் ஆண்டிலும், யேற்ஸ், கொக்றன் ஆகிய இருவர் 1938ஆம் ஆண்டிலும் அதற்கான கணித வழிகளை வெளியிட்டனர். 1976ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜீன் கிளாஸ் இதற்கு மெற்றா அனலிசிஸ் என்று பெயரிட்டார். ஆராய்ச்சிகளையே ஆராய்தல் என்பது அதன் பொருள்.

இம்முறையின் முதற்படி எல்லா ஆராய்ச்சிகளையும் ஒரே அளவுகோலிற் கொண்டுவருதல். கொத்திலும் புசலிலும் கிலோகிராமிலும் அளந்த நெல்லை அப்படியே கூட்டமுடியாதன்றோ? பாரோவில் தொப்புட்கொடி இரத்தம் முதன்மையாகக் கொள்ளப்பட்டது. ஏனைய இரண்டிலும் தாயின் மயிர் கொள்ளப்பட்டது. சோதனைகளும் வேறுபட்டன. ஆதலின் நஞ்சை மயிரின் அளவாகவும், விளைவை நுண்ணறிவு ஈவின் புள்ளிகளாகவும் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது படி நிறையிடுதல். எல்லாச் சாட்சிகளையும் சமமாக மதித்தல் நீதியாகாது. தெளிவாகக் கண்டவனின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஓர் ஆராய்ச்சி 4 புள்ளி நட்டம் என்கிறது, ஆனால் அதன் நியம வழு 2 என்று கொள்ளலாம். மற்றொன்று 1 புள்ளி நட்டம் என்கிறது, அதன் நியம வழு 1. எளிய சராசரி எடுத்தால் இரண்டரை வரும். ஆனால் வழு இருமடங்காகும்போது சாட்சியின் நிறை நான்கிலொன்றாகக் குறையவேண்டும் என்பது கணித விதி. ஆகவே முதலாவதற்கு ஒரு பங்கும் இரண்டாவதற்கு நான்கு பங்கும் மதிப்புக் கொடுத்தால் விடை 1.6 ஆகின்றது. தெளிவான சாட்சியின் பக்கம் தராசு சாய்கின்றது.

மூன்றாவது படியே மிகவும் நுட்பமானது; பழமொழியின் பானை இங்கேதான் மீண்டும் தோன்றுகின்றது. எல்லா ஆராய்ச்சிகளும் ஒரே உண்மையையே அளந்தன, வேறுபாடு தற்செயலால் வந்தது என்று கொண்டால், அஃது ஒரே பானையிலிருந்து எடுத்த பல சோறுகளைப் போன்றது. அப்போது மேற்சொன்ன நிறையிட்ட சராசரி போதும். ஆனால் பாரோவின் திமிங்கில ஊனும் சீஷெல்சின் கடல்மீனும் ஒன்றல்ல. மக்களின் மரபும் உணவும் வாழ்வும் வேறு. உண்மையான விளைவே இடத்திற்கிடம் சற்று மாறக்கூடும். இவ்வாறு கொண்டால் அவை தனித்தனிப் பானைகள். அப்போது இருவகை வேறுபாட்டைக் கணக்கிடவேண்டும்: ஒவ்வொரு பானையினுள்ளும் உள்ள வேறுபாடு ஒன்று, பானைக்கும் பானைக்கும் இடையிலுள்ள வேறுபாடு மற்றொன்று. டேர்சிமோனியன், லெயர்ட் என்னும் இருவர் 1986ஆம் ஆண்டில் இதற்கு வகுத்த எளிய வழி பெருவழக்காயிற்று. இம்முறையிற் பெறும் விடை பொதுவாகக் கூடிய ஐயத்தையே காட்டும். ஆனால் அந்த ஐயமே நேர்மையானது. அறியாததை அறிந்ததுபோலக் காட்டாதிருத்தல் புள்ளிவிபரவியலின் முதல் ஒழுக்கமாகும்.

பாதரச விடயத்தில் இம்முறை எவ்வாறு பயன்பட்டது? அமெரிக்கச் சட்டசபையின் வேண்டுகோளின்படி அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிச் சபை நிபுணர் குழுவொன்றை நியமித்தது. அக்குழு மூன்று ஆராய்ச்சிகளையும் ஒருங்கே வைத்து, பல தளங்கள் கொண்ட கணித அமைப்பொன்றினாற் கணித்து, 2000ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. நாளொன்றுக்குக் கிலோகிராமுக்கு 0.1 மைக்கிரோகிராம் என்னும் கடுமையான எல்லையே பொதுச் சுகாதாரத்தைக் காக்கத் தக்கது என்று அது கூறிற்று. உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003ஆம் ஆண்டில் வேறொரு வழியை மேற்கொண்டது. பாரோ ஆராய்ச்சியிலிருந்து பெற்ற 12 பங்கு என்னும் மயிரளவையும், சீஷெல்ஸ் ஆராய்ச்சியிலிருந்து பெற்ற 15.3 பங்கு என்னும் அளவையும் சராசரியாக்கி, 14 பங்கு என்று கொண்டு, அதிலிருந்து வாரத்திற்குக் கிலோகிராமுக்கு 1.6 மைக்கிரோகிராம் என்னும் எல்லையை வகுத்தது. ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள தாய்க்கு, முதல் எல்லையின்படி வாரத்திற்கு 35 மைக்கிரோகிராம். இரண்டாவதின்படி 80 மைக்கிரோகிராம். சான்றுகள் ஒன்றாயிருந்தும், அவற்றைச் சேர்க்கும் முறையும் எச்சரிக்கையின் அளவும் வேறுபட முடிவும் வேறுபடுகின்றது.

2007ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நால்வர், மூன்று தீவுகளின் விபரங்களையும் நுண்ணறிவு ஈவென்னும் ஒரே அளவிற் கொண்டுவந்து மறுபடியும் கணித்தனர். தாயின் மயிரிற் பாதரசம் ஒரு பங்கு கூடுந்தோறும் குழந்தையின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 0.18 புள்ளி குறைகின்றது என்பது அவர்கள் கண்ட விடை. உண்மையான அளவு 0.009 இலிருந்து 0.378 வரை எங்கும் இருக்கலாம் என்று அதன் ஐய எல்லையையும் அவர்கள் கூறினர். இந்த எல்லையைக் கூர்ந்து நோக்கவேண்டும். அதன் கீழ்முனை பூச்சியத்தைத் தொடுமளவிற்கு நெருங்கிநிற்கின்றது. தீங்கு உண்டு என்பதற்குச் சான்று இருக்கின்றது. ஆனால் அது சிறியது. அதன் சரியான அளவு உறுதியாகத் தெரியவில்லை. பாரோவும் சீஷெல்சும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை; தொலைவிலிருந்து பார்த்த இருவர் ஒரே சிறு பொருளை, ஒருவர் கண்டதாகவும் மற்றவர் காணாததாகவும் கூறியமை போன்றதே அவற்றின் முரண்பாடு.

இரண்டொரு புள்ளி குறைந்தால் என்ன என்று கேட்கலாம். தனிக் குழந்தையைப் பொறுத்தவரை அது புலப்படாத குறைவே. சமுதாயம் முழுவதையும் நோக்கும்போதோ கணக்கு மாறுகின்றது. நுண்ணறிவு ஈவின் சராசரி 100 ஆயிருக்கும் மக்கள் கூட்டத்தில், 70க்குக் கீழ்ப்பட்டு விசேட உதவி வேண்டும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 23 பேரளவில் இருப்பர். சராசரி மூன்று புள்ளி குறைந்து 97 ஆகுமானால், அத்தொகை 36 ஆக உயர்ந்துவிடும். சராசரியின் சிறு சரிவு ஓரத்தில் நிற்பவர்களையே முதலிற் பள்ளத்தில் தள்ளுகின்றது.

ஆராய்ச்சிகளைத் தொகுக்க வேறொரு வழியும் உண்டு. முடிவுகளை மாத்திரம் சேர்க்காமல், ஒவ்வொரு குழந்தையின் மூலப் பதிவையும் பெற்று ஒரே ஏட்டிற் சேர்த்துக் கணிப்பது அவ்வழி. ஈயத்தைப் பற்றி 2005ஆம் ஆண்டில் அவ்வாறு செய்யப்பட்டது. அமெரிக்காவின் பொஸ்ரன், சின்சினாற்றி, கிளீவ்லாந்து, றொச்செஸ்ரர் ஆகிய நகரங்கள், மெக்சிக்கோ நகரம், அவுஸ்திரேலியாவின் போட் பிரி, கொசோவோ ஆகிய ஏழிடங்களிலிருந்து 1,333 குழந்தைகளின் பதிவுகள் சேர்க்கப்பட்டன. இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலீற்றருக்கு 2.4 மைக்கிரோகிராமிலிருந்து 10 ஆக உயரும்போது நுண்ணறிவு ஈவு ஏறக்குறைய 4 புள்ளியும், 10 இலிருந்து 20 ஆக உயரும்போது ஏறக்குறைய 2 புள்ளியும், அதற்குமேல் 30 வரை ஏறக்குறைய ஒரு புள்ளியும் குறைவதாக அது காட்டிற்று. முதற் சிறுதுளியே பெருங்கேடு செய்கின்றது என்னும் இவ்வுண்மையைத் தனித்தனி ஆராய்ச்சிகள் ஐயமறக் காட்டுதல் அரிது. ஒவ்வொன்றிலும் ஈயம் மிகக் குறைந்த குழந்தைகள் சிலரே இருந்தனர்.

எனினும் தொகுப்பு முறை எல்லாம் வல்லதன்று. அதற்கு மூன்று பெரும் வரம்புகள் உண்டு. முதலாவது, வெளிவராத ஆராய்ச்சிகள். வியப்பூட்டும் முடிவு கண்டவை விரைந்து அச்சேறும்; ஒன்றும் காணாதவை மேசை இழுப்பறையிலேயே உறங்கிவிடும். அச்சேறியவற்றை மாத்திரம் தொகுப்பவன், வென்றவர்களின் சொல்லை மாத்திரம் கேட்டு வரலாறு எழுதியவனாவான்.

இரண்டாவது, எல்லா ஆராய்ச்சிகளுக்கும் பொதுவான குறை. தற்செயலான வழு தொகுக்கத் தொகுக்கக் குறையும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே திசையிலுள்ள கோணல் எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் குறையாது. படிக்கல்லே குறைந்ததாயின், நூறு முறை நிறுத்தாலும் சரியான நிறை வராது.

மூன்றாவது, பாதரசத்திற்கே உரிய சிக்கல். பாதரசத்தைக் கொண்டுவரும் மீன் வேறு நன்மைகளையும் கொண்டுவருகின்றது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள், அயடீன், செலெனியம் ஆகியவை மீனில் உள்ளன. மிகுதியாக மீனுண்ட தாயிடம் நஞ்சும் மிகுதி, மருந்தும் மிகுதி. ஒன்றின் நன்மை மற்றதன் தீமையை மறைத்துவிடலாம். சீஷெல்சில் தீங்கு புலப்படாமைக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று கருதுவோர் உளர். பாரோ ஆராய்ச்சியில் மீனுண்ணும் அளவையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தபோது, பாதரசத்தின் தீங்கு முன்னரிலும் கூடுதலாகவே தோன்றிற்று.

இதிலிருந்து ஒரு பெரும் எச்சரிக்கை பெறப்படுகின்றது. பாதரசம் தீயது என்று கேட்ட தாய் மீனையே விட்டுவிடுவாளாயின், தப்பிய தீங்கினும் இழந்த நன்மை பெரிதாகிவிடும். உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 2010ஆம் ஆண்டிற் கூட்டிய நிபுணர் மகாநாடு இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது. பெரும்பாலான நிலைமைகளில் மீனுண்ணும் தாயின் குழந்தைக்கு நன்மையே மிகுதி என்பது அதன் முடிவு. ஆகவே மீனுண்பதா விடுவதா என்பதன்று கேள்வி. எந்த மீனை உண்பது என்பதே கேள்வி. நெடுங்காலம் வாழ்ந்து பிற மீன்களை உண்டு பெருத்த சுறா, வாள்மீன் போன்றவற்றிற் பாதரசம் மிகும். நெத்தலி, சாளை போன்ற சிறுமீன்களில் அது மிகக் குறைவு. நல்ல கொழுப்பமிலங்களோ நிறைய உண்டு. ஈழத்துக் கரையோரங்களில் ஏழையின் சட்டியில் வேகும் சிறுமீன், கர்ப்பிணிக்குச் செல்வனின் மேசையிலுள்ள பெருமீனினும் சிறந்ததென்பது விஞ்ஞானத்தின் தீர்ப்பு. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா வறை கொடுக்கும் யாழ்ப்பாண வழக்கத்திலும், முதிர்ந்த பெருஞ்சுறாவை விட்டு இளஞ்சுறாவைத் தெரிந்தெடுத்தல் இவ்வறிவோடு இயையும்.

நஞ்சைத் தோற்றுவாயிலேயே தடுக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. பாதரசத்தின் பாவனையையும் கழிவையும் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் யப்பானிய மண்ணிலேயே ஏற்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மினமாட்டா உடன்படிக்கை என்று பெயர். அவ்வூரின் துயரம் உலகின் காவலாயிற்று.

மூன்று தீவுகளிற் பெற்ற குழந்தைகளோடு பல்லாண்டு சோதனைக்கு வந்த தாய்மார் பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள தாயொருத்திக்குத் தங்கள் மயிரிழைகளாற் சாட்சி கூறினர். அச்சாட்சியங்கள் தனித்தனியே நின்றபோது ஒன்றோடொன்று வழக்காடின. அவற்றை நிறுத்து, ஒப்புநோக்கி, ஐயத்தையும் மறைக்காமற் சேர்த்தபோதே பயனுள்ள விடை பிறந்தது. புதிய ஆராய்ச்சியொன்று மீன் நஞ்சென்றோ, மீனால் யாதொரு கேடுமில்லையென்றோ பத்திரிகையில் தலைப்பெழுத்திற் செய்தி வரும்போது, நேயர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இஃது எத்தனையாவது சாட்சி; ஏனைய சாட்சிகளோடு சேர்த்து நிறுத்தபோது தராசு எப்பக்கம் சாய்ந்தது?